மீளாய்வுக் கட்டுரைக்கு எந்த இதழ்? சேலத்திலிருந்து ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

கேள்வி, 3 ஜூன் 2025

சேலத்தில் ஒரு செவிலியர் கல்லூரியில் பணிபுரிகிறேன். குகை, அம்மாபேட்டை, இளம்பிள்ளைப் பக்கத்துத் தறிக்குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவள். நெசவாளர்களுக்கு வரும் முதுகுவலி, கழுத்துவலி, தோள்வலி பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி ஒரு மீளாய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறேன். நல்ல இதழ்கள் மீளாய்வுகளைத் தாங்களே கேட்டுத்தான் வாங்கும், பெயர் தெரியாதவர் அனுப்பினால் பிரித்துக்கூடப் பார்க்காது என்று துறையில் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது: ஐந்து நாளில் முடிவு, பத்து நாளில் வெளியீடு, இம்பாக்ட் ஃபேக்டர் (மேற்கோள்களை வைத்து இதழுக்குத் தரும் மதிப்பெண்) 7.2, கட்டணம் 4,500 ரூபாய். அதற்கே அனுப்பிவிடலாமா?

3 ஜூன் 2025, இரவு

அனுப்ப வேண்டாம். அங்கே ஒருமுறை வெளியாகிவிட்டால் அதே கட்டுரையை வேறெந்த இதழும் வாங்காது. திரும்பப் பெறக் கேட்டால் அதற்கும் தனியாகப் பணம் கேட்கும் இதழ்கள் உண்டு. பல மாத உழைப்பு தேடுவாரற்ற ஓர் இணையப்பக்கத்தில் போய் முடங்கிவிடும்.

துறையில் சொல்வதில் பாதிதான் உண்மை. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் போன்றவை மீளாய்வுகளை அநேகமாக அழைத்தே வாங்குகின்றன. ஆண்டு மீளாய்வுத் தொகுதிகளும் அழைப்பின் பேரில்தான் எழுதப்படுகின்றன. ஆனால் அவை உங்கள் கட்டுரைக்கு உரிய இடங்களே இல்லை. தொழில்சார் நலம், உடலியக்கவியல், சமுதாய மருத்துவம், செவிலியம் ஆகிய துறைகளில் அழைப்பில்லாமல் வரும் மீளாய்வுகளை ஏற்கும் இதழ்கள் ஏராளமாக இருக்கின்றன. எந்த இதழ் என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் எழுதியிருப்பது எந்த வகை மீளாய்வு என்பதைச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அந்த ஒரு பதிலைப் பொறுத்தது.

4 ஜூன் 2025

வகை என்று நான் கேட்டதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நம் ஊர்ப்பக்கத்துக் கட்டுரைகள் பெரும்பாலும் சறுக்குகின்றன.

2009 இல் வெளிவந்த ஒரு கட்டுரை, சுகாதாரத் துறையில் வழங்கும் மீளாய்வுகளை 14 வகைகளாகப் பிரித்துக் காட்டியது. அத்தனையும் நமக்குத் தேவையில்லை. மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது முறைசார் மீளாய்வு, அதாவது சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. குறுகிய ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, எந்தத் தரவுத்தளங்களில் எந்தச் சொற்களால் எந்தத் தேதியில் தேடினோம் என்பதை மற்றவர் அப்படியே திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு எழுதிவைத்து, கிடைத்த ஒவ்வோர் ஆய்வின் தரத்தையும் எடைபோட்டுச் சொல்வது அது. அதற்கு பிரிஸ்மா 2020 என்ற 27 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. இரண்டாவது ஸ்கோப்பிங் ரிவ்யூ. ஒரு பொருளில் என்னென்ன ஆய்வுகள் நடந்திருக்கின்றன, எங்கே வெற்றிடம் இருக்கிறது என்று நிலப்படம் வரைவது அதன் வேலை. பிரிஸ்மாவின் 2018 ஆம் ஆண்டு விரிவாக்கம், கட்டாயமான 20 அம்சங்களும் விருப்பத்துக்குரிய 2 அம்சங்களுமாக, இதற்கென்றே எழுதப்பட்டது. மூன்றாவது விவரண மீளாய்வு, நாம் வழக்கமாக நேரேட்டிவ் ரிவ்யூ என்பது. துறையை அறிந்த ஒருவர் தம் பார்வையில் ஆய்வுகளைக் கோத்து விளக்குவது அது. இதற்கும் சான்ரா என்ற 6 அம்ச அளவுகோல் 2019 இல் வந்திருக்கிறது. ஒவ்வோர் அம்சத்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண்.

இதழ்கள் இந்த வகைப்பாட்டைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கின்றன. பிளோஸ் ஒன் முறைசார் மீளாய்வை ஏற்கும், விவரண மீளாய்வை ஏற்காது. அடிலெய்டிலிருந்து வரும் ஜேபிஐ எவிடென்ஸ் சிந்தசிஸ் இதழ் முறைசார் மீளாய்வுகளுக்கும் ஸ்கோப்பிங் மீளாய்வுகளுக்கும் அவற்றைத் தொடங்குமுன் எழுதும் திட்டங்களான முன்வரைவுகளுக்குமாகவே நடத்தப்படுகிறது. ஆகவே "நல்ல இதழ் எது" என்ற கேள்விக்கு, வகையைச் சொல்லாமல் பதிலே கிடையாது.

5 ஜூன் 2025

கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார். மருத்துவக் கட்டுரைகளுக்கான தேடுதளமாகிய பப்மெடிலும் கூகுள் ஸ்காலரிலும் தேடியிருக்கிறார். தேடிய தேதிகளையும் சொற்களையும் குறித்துவைக்கவில்லை. "அப்படியென்றால் பிரிஸ்மா படத்தை இப்போது வரைந்து சேர்த்து, முறைசார் மீளாய்வு என்று தலைப்பை மாற்றிவிடலாம்" என்று உடன் பணிபுரியும் ஒருவர் யோசனை சொன்னாராம்.

இந்த யோசனையை நான் கடுமையாக மறுக்கிறேன். அந்தப் படத்தில் இருக்கும் ஒவ்வோர் எண்ணும் நடந்த ஒரு செயலின் பதிவு: இத்தனை கட்டுரைகள் கிடைத்தன, இத்தனை இரட்டிப்புகள் நீக்கப்பட்டன, இத்தனை சுருக்கங்கள் படிக்கப்பட்டன, இன்ன காரணத்தால் இத்தனை விலக்கப்பட்டன. நடக்காத தேடலுக்கு எண்கள் எழுதுவது தரவைப் புனைவதே ஆகும். நெசவாளரின் முதுகைப் பற்றி அக்கறையோடு தொடங்கிய வேலையில் அதைச் செய்யக் கூடாது.

நேர்மையான வழிகள் இரண்டு இருக்கின்றன. உள்ளதை விவரண மீளாய்வு என்றே சொல்லி, சான்ராவின் ஆறு அம்சங்களுக்கும் ஈடுகொடுக்கும்படி செப்பனிட்டு, அவ்வகையை ஏற்கும் இதழுக்கு அனுப்பலாம். இல்லையென்றால் தேடலை முதலிலிருந்து முறைப்படி செய்யலாம். படித்த கட்டுரைகள் ஏற்கெனவே கையில் இருப்பதால், இரண்டாவது வழி தோன்றுமளவுக்குப் பெரிய வேலை இல்லை.

7 ஜூன் 2025

இதழ் தேடுவதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் வேலை, இணையத்துக்குப் போகாமலே செய்யக்கூடியது. உங்கள் கட்டுரையின் கடைசியில் இருக்கும் சான்றுப் பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டு, இதழின் பெயர்களை மட்டும் அடிக்கோடிட்டு, எந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். உங்கள் பொருளைப் பற்றி ஏற்கெனவே கட்டுரை வெளியிட்ட இதழுக்கு அந்தப் பொருளில் வாசகர்கள் இருக்கிறார்கள். மதிப்பிட ஆள் தேடுவதும் அதன் பதிப்பாசிரியருக்கு எளிது.

கேட்டவர் தம் பட்டியலை அனுப்பியிருந்தார். நேற்று மாலை உட்கார்ந்து அதற்குக் கோடு போட்டேன். இந்தியத் தொழில்சார் நல மருத்துவர் சங்கத்தின் இந்தியன் ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் அண்ட் என்விரான்மென்டல் மெடிசின், போலந்தின் தொழிலாளர் பாதுகாப்பு நிறுவனம் நடத்தும் இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் சேஃப்டி அண்ட் எர்கனாமிக்ஸ், ஜப்பானின் இன்டஸ்ட்ரியல் ஹெல்த், வொர்க் என்ற பெயரில் வரும் இதழ் ஆகியவை திரும்பத் திரும்ப வந்தன. ஈரானின் கம்பள நெசவாளர்களைப் பற்றிய கட்டுரைகள் பலவும் இத்தகைய இதழ்களில்தான் கிடக்கின்றன. மின்னஞ்சலில் 7.2 என்று பெருமை காட்டிய அந்த இதழிலிருந்து ஒரு சான்றுகூட இல்லை. நெசவாளர் வலியைப் பற்றி இத்தனை கட்டுரைகளைத் தேடிப் படித்த ஒருவரின் பட்டியலில் ஒருமுறைகூட வராத இதழில் வெளியிட்டால், அடுத்து இதே பொருளைத் தேடும் ஒருவருக்கு உங்கள் கட்டுரையும் அகப்படாது.

இரண்டாவது வேலைக்கு இணையம் வேண்டும். ஜேன் என்ற இலவசக் கருவியில் கட்டுரையின் சுருக்கத்தை ஒட்டினால், பப்மெடில் உள்ள ஒத்த கட்டுரைகளை வைத்து இதழ்களை வரிசைப்படுத்திக் காட்டும். எது மெட்லைன் என்ற தேர்ந்தெடுத்த மருத்துவ இதழ்களின் அட்டவணையில் இருக்கிறது, எது கட்டணமின்றி எவரும் படிக்கக்கூடியது என்ற அடையாளங்களும் அருகில் இருக்கும். எல்சேவியர், ஸ்பிரிங்கர் போன்ற பதிப்பகங்களிடமும் இத்தகைய கருவிகள் உண்டு, ஆனால் அவை தத்தம் இதழ்களை மட்டுமே காட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, இப்படிச் சேர்ந்த ஐந்தாறு பெயர்களில் ஒவ்வொன்றின் தளத்துக்கும் சென்று, ஆசிரியர்களுக்கான விதிமுறைப் பக்கத்தில் "ரிவ்யூ" என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதியிருக்கிறது என்று முழுவதுமாகப் படியுங்கள். சொல்வரம்பு, சான்றுகளின் உச்ச எண்ணிக்கை, மீளாய்வுத் திட்டத்தின் பதிவு எண் தேவையா என்பதெல்லாம் அங்கே இருக்கும். பிறகு கடந்த இரண்டு ஆண்டுகளின் இதழ்களைப் புரட்டி, அவர்கள் உண்மையில் வெளியிட்ட மீளாய்வுகள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். விதிமுறையில் "விவரண மீளாய்வும் ஏற்கப்படும்" என்று இருந்து, இரண்டு ஆண்டுகளாக அப்படி ஒன்றுகூட வரவில்லையென்றால், வந்திருப்பதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

8 ஜூன் 2025

"பப்மெடில் இருந்தால் போதாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. பப்மெட் ஒரு தேடுதளம். அதற்குள் மெட்லைன், பப்மெட் சென்ட்ரல் எனப் பல ஊற்றுகள் வந்து சேர்கின்றன. மெட்லைனில் இடம்பெற ஓர் இதழ் நிபுணர் குழுவின் மதிப்பீட்டைக் கடக்க வேண்டும். பப்மெட் சென்ட்ரல் முழுக் கட்டுரைகளைச் சேமித்துவைக்கும் களஞ்சியம். ஆய்வுக்குப் பணம் கொடுத்த அமைப்பின் விதிப்படி தனிக் கட்டுரைகளும் அங்கே சேர்வதுண்டு. ஆகவே ஓர் இதழின் ஒரு கட்டுரை பப்மெடில் தென்படுவதால் மட்டும் அந்த இதழே மெட்லைனில் இருக்கிறது என்று ஆகிவிடாது.

சரிபார்க்கும் இடம் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் இதழ் அட்டவணை. இதழின் பெயரையோ ஐஎஸ்எஸ்என் என்ற அதன் அடையாள எண்ணையோ இட்டுத் தேடி, பதிவைத் திறந்து கீழே இறங்கினால், தற்போதைய அட்டவணை நிலை என்று ஒரு வரி இருக்கும். மெட்லைனில் இப்போது சேர்க்கப்படுகிறதா, முன்பு சேர்க்கப்பட்டு நிறுத்தப்பட்டதா என்பது அந்த ஒரே வரியில் தெரிந்துவிடும். இதழின் சொந்தத் தளத்தில் போட்டிருக்கும் சின்னங்களை நம்ப வேண்டாம். படத்தை எவரும் ஒட்டிக்கொள்ளலாம். ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொன்னால் ஸ்கோபஸின் பட்டியலிலும், டிஓஏஜே என்னும் திறந்த அணுக்க இதழ்களின் கோப்பகத்தில் இருப்பதாகச் சொன்னால் அந்தக் கோப்பகத்திலும் நேரே போய்ப் பார்க்க வேண்டும்.

அனுப்பும் நாளில் இன்னொருமுறை பார்த்துக்கொள்வதும் நல்லது. 2023 மார்ச்சில் வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் ஒரே மூச்சில் 50க்கும் மேற்பட்ட இதழ்களை நீக்கியது. பொதுச் சுகாதாரத்தில் பலரும் நம்பி அனுப்பிவந்த மிகப் பெரிய இதழ் ஒன்றும் அதில் அடங்கும்.

11 ஜூன் 2025

கேட்டவர் அந்த மின்னஞ்சலை முழுவதுமாக அனுப்பிவைத்தார். அதை வரிவரியாகப் பார்ப்பது மற்றவர்களுக்கும் பயன்படும்.

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே" என்று தொடங்குகிறது. அவர் பேராசிரியர் இல்லை. அவருடைய "தலைசிறந்த கட்டுரையை" வாசித்து வியந்ததாகச் சொல்கிறது. எந்தக் கட்டுரை என்று சொல்லவில்லை. இதழின் பெயரில் மருத்துவம், பொறியியல், மேலாண்மை மூன்றும் சேர்ந்திருக்கின்றன. முகவரி ஒரு பொதுவான இலவச மின்னஞ்சல் கணக்கு. கட்டணம் செலுத்தும் வழி மட்டும் தெளிவாக, யுபிஐ எண்ணோடு இருக்கிறது. 7.2 என்ற எண்ணுக்கு அடியில் அதைக் கணக்கிட்ட நிறுவனத்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கிறது. அது கிளாரிவேட் இல்லை. இம்பாக்ட் ஃபேக்டர் என்று உலகம் ஏற்றுக்கொண்ட எண், கடந்த இரண்டு ஆண்டுகளின் கட்டுரைகள் இந்த ஆண்டில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கிலிருந்து வருவது. கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் வெளியிடுவது. அதைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு கேட்டவருக்கெல்லாம் எண் விற்கும் கடைகள் இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டையில் உரைத்துப் பார்க்காமல் எவரும் வெள்ளி வாங்குவதில்லை. இந்த எண்ணையும் அப்படி உரைத்துப் பார்க்க வேண்டும்.

இது புதிய தொல்லை இல்லை. 2013 இல் சயன்ஸ் இதழின் செய்தியாளர் ஒருவர், படித்த மாத்திரத்தில் பிழை தெரியும்படி புனைந்த ஒரு கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றில் இந்தியாவிலிருந்து நடத்தப்பட்டவை கணிசம். ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பதிப்பு நிறுவனத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019 இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது.

இன்னொரு வகையும் இருக்கிறது. நல்ல இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடி, அதைப் போலவே ஒரு தளம் அமைத்துப் பணம் வாங்குவது. 2022 முதல் ரிட்ராக்ஷன் வாட்ச் தளம் இத்தகைய திருட்டு இதழ்களின் பட்டியல் ஒன்றைப் பராமரித்துவருகிறது. கூகுளில் முதலில் வரும் சுட்டியை அழுத்தாமல், பதிப்பகத்தின் முகப்பிலிருந்து இதழுக்குப் போகும் பழக்கம் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

12 ஜூன் 2025

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற இதழ்களின் கேர் பட்டியலைப் பார்த்தால் போதுமே என்று எழுதியவருக்கு: அந்தப் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இனி இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கல்லூரிகளிடமும் ஆய்வாளர்களிடமும் இருக்கிறது. தங்கள் இதழ் அப்பட்டியலில் இருக்கிறது என்று இப்போதும் விளம்பரம் செய்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை.

14 ஜூன் 2025

வகையைப் பற்றி 5 ஆம் தேதி இரண்டு வழிகளைச் சமமாக வைத்தேன். இப்போது ஒரு புதிய தகவல் வந்திருக்கிறது: கட்டுரையின் இரண்டாம் ஆசிரியர் ஒரு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர், அவருக்குப் பதவி உயர்வுக்கு இது கணக்கில் சேர வேண்டும். அப்படியானால் தராசு ஒரு பக்கம் சாய்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட ஆசிரியர் தகுதி விதிமுறைகளில், மூல ஆய்வுகள், பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸ், முறைசார் மீளாய்வுகள், நோயாளர் தொடர் அறிக்கைகள் ஆகியவை மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்று இருந்தது. விவரண மீளாய்வு அதில் இல்லை. இதழ் இடம்பெற வேண்டிய தளங்களாக மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், ஸ்கோபஸ், டிஓஏஜே போன்றவை குறிப்பிடப்பட்டிருந்தன. முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவராகவோ தொடர்பு ஆசிரியராகவோ இருக்க வேண்டும் என்றும் இருந்தது. இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால், நடப்பு அறிவிப்பைக் கல்லூரி நிர்வாகப் பிரிவில் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது. செவிலியக் கல்லூரிகளுக்கு ஒழுங்குமுறை அமைப்பே வேறு என்பதால், முதல் ஆசிரியர் தம் பல்கலைக்கழக விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பதவி உயர்வை விடுங்கள். நெசவாளர் வலி பற்றிய ஆய்வுகளில் பல, உடல்வலியைப் பற்றிக் கேட்க 1987 இல் உருவான நார்டிக் வினாத்தாளையே பயன்படுத்தியிருக்கின்றன. ஒரே அளவுகோல் இருக்கும்போது எண்களை ஒப்பிட முடியும். இந்தப் பொருளுக்கு முறைசார் மீளாய்வுதான் அதிகப் பயன் தரும் என்று, பட்டியலைப் பார்த்தபின் உறுதியாகவே நினைக்கிறேன்.

ஒரு சிறு எச்சரிக்கை. துறைத்தலைவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பது நம்மிடம் ஊறிப்போன வழக்கம். மருத்துவ இதழ்ப் பதிப்பாசிரியர்களின் பன்னாட்டுக் குழு ஆசிரியராவதற்கு நான்கு தகுதிகளை வைத்திருக்கிறது; நான்கும் இருந்தால்தான் பெயர். மற்றவர்களுக்கு நன்றியுரையில் இடம் இருக்கிறது.

18 ஜூன் 2025

கட்டணம் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். பணம் வாங்குவதால் ஓர் இதழ் போலியாகிவிடாது; பணம் வாங்காததால் நல்லதாகிவிடவும் செய்யாது. பிஎம்சி குழுமத்தின் இதழ்கள் முறையானவை, ஆனால் அவற்றின் வெளியீட்டுக் கட்டணம் நம் ஊர்க் கல்லூரி ஊழியரின் பல மாதச் சம்பளம். ஏழை நாடுகளுக்கான தள்ளுபடிப் பட்டியல்களைப் பல பதிப்பகங்கள் வைத்திருந்தாலும், பொருளாதாரத்தின் மொத்த அளவையும் கணக்கில் எடுப்பதால் இந்தியா பெரும்பாலும் அவற்றுக்கு வெளியே நிற்கிறது. தனிப்பட்ட முறையில் விலக்கு கேட்கலாம். ஆனால் கட்டுரையை அனுப்பும்போதே கேட்க வேண்டும், ஏற்ற பிறகு கேட்டால் பயனில்லை.

பணம் இல்லாதவர்களுக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் பணம் வாங்காத இதழ்கள். இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எதிக்ஸ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அதன் களம் மருத்துவ அறம். டிஓஏஜே கோப்பகத்தில் "கட்டணம் இல்லை" என்று வடிகட்டித் தேடினால் துறைவாரியாகக் கிடைக்கும். மற்றொன்று சந்தா இதழ்கள். எழுதுபவர் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. படிப்பவர்தான் பணம் கட்ட வேண்டும். அத்தகைய இதழில் வெளியிட்டாலும், ஏற்கப்பட்ட கைப்பிரதியைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் கல்லூரியின் களஞ்சியத்தில் இலவசமாக வைக்கப் பெரும்பாலான பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. முதல் கட்டுரை எழுதுபவர்களுக்கு நான் இந்தப் பாதையையே சொல்வேன். கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய இளையவர்களை எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

படிப்பதற்கான வசதியில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்ததில், அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரியில் இருப்பவர்கள், அரசுக் கல்லூரியில் பணிபுரியும் ஒருவரை முதலிலிருந்தே உண்மையான உடன் ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டால் தேடலும் சிறக்கும்.

22 ஜூன் 2025

ஏற்காட்டிலிருந்து ஒரு மருத்துவ அலுவலர் எழுதியிருக்கிறார். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி மீளாய்வு எழுத விரும்புகிறார். தேடினால் கைவிரல்களுக்குள் அடங்கும் அளவே கிடைக்கிறதாம். "இத்தனை குறைவான சான்றை வைத்துக்கொண்டு எந்த இதழ் ஏற்கும்?"

சான்று குறைவாக இருப்பதே ஸ்கோப்பிங் ரிவ்யூவுக்கு நியாயம். ஆனால் எல்லையைச் சேர்வராயனோடு நிறுத்தினால் கட்டுரை நிற்காது. தென்னிந்திய மலைத்தோட்டத் தொழிலாளர்கள் என்று விரித்து, நீலகிரி, வால்பாறை, குடகு, வயநாடு ஆகியவற்றையும் காப்பியோடு தேயிலையையும் உள்ளே கொண்டுவந்து, மாவட்ட அறிக்கைகள், பல்கலைக்கழக ஆய்வேடுகள் போன்ற அச்சேறாத ஆவணங்களையும் தேட வேண்டும். ஷோத்கங்கா களஞ்சியத்தில் இந்திய ஆய்வேடுகள் கிடைக்கும். இதழைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் ரூரல் அண்ட் ரிமோட் ஹெல்த் போன்ற, தொலைதூர மக்களின் நலத்துக்கென்றே நடக்கும் இதழ்களில் முதலில் கேட்டுப்பாருங்கள். மலைக்கிராமத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் மருத்துவர் வருவது ஏன் முக்கியம் என்பதை அந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டியிராது.

முன்வரைவைப் பதிவு செய்வதில் ஒரு வேறுபாடு. யார்க் பல்கலைக்கழகத்தின் பிராஸ்பெரோ பதிவகம் முறைசார் மீளாய்வுகளுக்கு உரியது, ஸ்கோப்பிங் மீளாய்வுகளை அது ஏற்பதில்லை. அவற்றுக்கு ஓஎஸ்எஃப் என்ற ஆய்வுப் பதிவுத் தளத்தில் பதிவு செய்யலாம். நெசவாளர் மீளாய்வுக்கு பிராஸ்பெரோ பொருந்தும். ஆனால் புதிய தேடலில் தரவு பிரித்தெடுக்கத் தொடங்குவதற்கு முன்பே பதிந்துவிட வேண்டும். முன்பே ஒருமுறை எழுதியதையும் அதில் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

23 ஜூன் 2025

இதழுக்கு அனுப்புமுன், மதிப்பீடு நடக்காத கட்டுரைகளை முன்பதிப்பாக வெளியிடும் மெட்ஆர்க்கைவ் தளத்தில் ஏற்றலாமா என்ற கேள்விக்கு: முறைசார் மீளாய்வென்றால் ஏற்றலாம், விவரண மீளாய்வை அவர்கள் ஏற்பதில்லை. அனுப்பப்போகும் இதழ் முன்பதிப்பை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

6 ஆகஸ்ட் 2025

நெசவாளர் மீளாய்வுக்காரர் மூன்று தரவுத்தளங்களில் முறைப்படி தேடி முடித்திருக்கிறார். இருவர் தனித்தனியாகச் சுருக்கங்களைப் படித்து வடிகட்டியிருக்கிறார்கள். மனம் நிறைந்தது. இனி இதழ்களை வரிசைப்படுத்தும் நேரம்.

மூன்று பெயர்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் வரிசையை இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து முடிவு செய்யாமல், இந்தக் கட்டுரையை யார் படித்தால் ஒரு குழித்தறியின் உட்காரும் பலகையோ மிதிபலகையோ மாறும் என்ற கேள்வியை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. அந்த வாசகர்கள் தொழில்சார் நல மருத்துவர்களும் உடலியக்கவியல் வல்லுநர்களும் ஆவர். ஆகவே பொது மருத்துவ இதழ்களை விட்டுவிட்டு, ஜூன் 7 ஆம் தேதிக் குறிப்பில் வந்த பெயர்களிலிருந்தே மூன்றை எடுங்கள். முதல் இதழின் பதிப்பாசிரியருக்குச் சுருக்கத்தோடு ஒரு சிறு மடல் அனுப்பி, இப்பொருளில் மீளாய்வு அவர்களுக்கு ஏற்புடையதா என்று கேட்கலாம். மடலில் இருக்க வேண்டியவை: கேள்வி என்ன, இதே பொருளில் கடைசியாக வந்த மீளாய்வு எது, அதற்குப் பின் வந்த புதிய ஆய்வுகள் எவை, தேடிய கடைசித் தேதி எது. இரண்டாவது அம்சம் இல்லாத மடலைப் பதிப்பாசிரியர்கள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. ஏற்கெனவே ஒரு மீளாய்வு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பதே அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி.

ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்குக் கட்டுரையை அனுப்பக் கூடாது. விசாரணை மடல்களை மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட இதழ்களுக்கு அனுப்பலாம்.

மொழி திருத்தத்துக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தியிருந்தால் இதழ் கேட்கும் இடத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். அது ஆசிரியராக முடியாது என்று பதிப்பு அறத்துக்கான கோப் அமைப்பு 2023 இலேயே தெளிவுபடுத்திவிட்டது. சான்றுப் பட்டியலை மட்டும் எந்தக் கருவியிடமும் ஒப்படைக்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு முழு விவரத்தோடு சான்று எழுதித் தரும் பழக்கம் அவற்றுக்கு இருக்கிறது.

2 அக்டோபர் 2025

முதல் இதழ், மதிப்பீட்டுக்கு அனுப்பாமலே கட்டுரையைத் திருப்பிவிட்டது. காரணம் ஒரே வரி: "எங்கள் இதழின் தற்போதைய முன்னுரிமைகளுக்குள் பொருந்தவில்லை." கேட்டவர் மிகவும் சோர்ந்து எழுதியிருக்கிறார். இந்த வரி கட்டுரையின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு இல்லை. என் மீளாய்வு ஒன்றுக்கும் ஏறக்குறைய இதே சொற்களில் ஒரு கடிதம் வந்தது. அதே கட்டுரையை அடுத்த இதழ் இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பி, கடுமையான திருத்தங்களோடு வெளியிட்டது.

மதிப்பீட்டாளர் கருத்தோடு வரும் நிராகரிப்பு வேறு. அந்தக் கருத்துகளை அப்படியே போட்டுவிட்டு அடுத்த இதழுக்கு ஓடுவது தவறு, ஏனென்றால் ஒரு சிறிய துறையில் அதே மதிப்பீட்டாளரிடமே கட்டுரை மறுபடியும் போய்ச் சேரக்கூடும். திருத்திவிட்டு அனுப்ப வேண்டும். ஆனால் இப்போது உங்களிடம் திருத்துவதற்குக் கருத்து எதுவும் இல்லை. ஆகவே தாமதிக்காமல் இரண்டாவது இதழின் விதிமுறைப்படி தலைப்புப் பக்கத்தையும் சான்று நடையையும் மாற்றி அனுப்பிவிடுங்கள். மீளாய்வுக்குக் காலம் ஒரு பகை: தேடிய தேதிக்கும் வெளியாகும் தேதிக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் போனால், தேடலைப் புதுப்பிக்கும்படி கேட்கும் இதழ்கள் பல. முறைசார் மீளாய்வுகளை வெளியிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வுகளுக்கு 12 மாதம் என்பது எழுதப்பட்ட விதியாகவே இருக்கிறது.

4 அக்டோபர் 2025

இரண்டாவது இதழுக்கு அனுப்பிவிட்டதாகச் செய்தி வந்தது. காத்திருக்கும் காலத்தில், பயன்படுத்திய அதே தேடல் சொற்களைப் பப்மெடில் உங்கள் கணக்கின் கீழ் சேமித்து, மாதம் ஒருமுறை மின்னஞ்சல் வரும்படி அமைத்துவையுங்கள். புதிய ஆய்வு எதுவும் வந்தால் தனிக் கோப்பில் குறித்துக்கொண்டே வந்தால், திருத்தம் கேட்கும் நாளில் அவற்றைச் சேர்ப்பது எளிது. மூன்று மாதம் கழிந்தும் இதழின் தளத்தில் நிலை மாறவில்லையென்றால், கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டுப் பதிப்பாசிரியர் அலுவலகத்துக்குப் பணிவாக ஒரு வரி எழுதிக் கேட்கலாம். அதில் தவறேதும் இல்லை.